வீட்டில் முருகை வளர்க்கத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலும் முருகை, அதாவது கோரல் வளர்க்க உப்புநீர்த் தொட்டி வைக்கத் தொடங்குபவர்களுக்கு வருவது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறோம். கணக்கு வரும் இடங்களில் எல்லாம் 150 லீற்றர் தண்ணீர் உள்ள தொட்டியையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்களுடையது அதில் பாதி என்றால் அளவையும் பாதியாக்குங்கள்.

கோரல் எண்டுறது செடியா, கல்லா, என்ன சாதி?

விலங்கு. சொறிமுட்டைக்குச் சொந்தம். ஒரு வாய், அதைச் சுற்றிக் கொட்டும் விரல்கள், அவ்வளவுதான் உடம்பு. அந்த உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் பாசி உணவு செய்து, அதில் பெரும்பங்கை முருகைக்குக் கொடுக்கும். மீதியை முருகை தண்ணீரில் மிதந்து வரும் சிற்றுயிர்களைப் பிடித்துத் தேடிக்கொள்ளும்.

கல் முருகைகள் தண்ணீரில் இருந்து கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துக் கீழே கல் கட்டும். மென்முருகைகள் அப்படிக் கல் கட்டுவதில்லை. அதனால்தான் தொடங்குபவர்களுக்கு மென்முருகை இலகு: தண்ணீரில் அந்த இரண்டும் எவ்வளவு குறைகிறது என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

புறாமலைக்குப் போகேக்க சின்னத் துண்டு ஒண்டு உடைச்சுக் கொண்டு வந்தா என்ன?

குற்றம். புறாமலை 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து எதையும் எடுக்க முடியாது. பூங்காவுக்கு வெளியே என்றாலும் கல் முருகைகள் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கரையில் ஒதுங்கிய செத்த கல்லையும் விட்டுவிடுங்கள். அதன் துளைகளுக்குள் அழுகிக் கிடப்பது எல்லாம் மாதக்கணக்கில் பொஸ்பேற்றாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

தொட்டியில் வளர்ந்த முருகையில் இருந்து வெட்டிய துண்டைத்தான் வாங்க வேண்டும். அது ஏற்கெனவே செயற்கை வெளிச்சத்துக்கும் தொட்டித் தண்ணீருக்கும் பழகியது. வெளிநாட்டில் இருந்து வந்த கல் முருகை என்றால், அவை எல்லாம், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2ஆம் பின்னிணைப்பில் உள்ளவை. கடைக்காரரிடம் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டவுடன் பேச்சை மாற்றுபவரிடம் வாங்காதீர்கள்.

முதல் தொட்டி சின்னனா வச்சுப் பழகினா நல்லம்தானே?

இல்லை, இதில் சின்னதுதான் கஷ்டம். 30 லீற்றர் தொட்டி ஒரு பின்னேரத்திலேயே 2 பாகை சூடேறிவிடும். ஒரு லீற்றர் ஆவியானாலே உப்பின் அளவு கூடிவிடும். மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்பது நல்ல தொடக்கம். கல்லும் மணலும் போக ஏறக்குறைய 150 லீற்றர் தண்ணீர் நிற்கும். கண்ணாடி 10 மில்லிமீற்றர் போடச் சொல்லுங்கள். எல்லாம் சேர்ந்து 250 கிலோ வரை வரும் என்பதால் சாதாரண மேசை தாங்காது. ஜன்னல் வெயில் விழாத, சமையலறைப் புகை வராத சுவரோரம் பார்த்து வையுங்கள்.

உப்புவெளிக் கடல் பக்கத்திலதானே, தண்ணிய அள்ளி ஊத்தினா சரிதானே?

சரிதான், ஆனால் எங்கே, எப்போது அள்ளுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உள்துறைமுகத் தண்ணீர் வேண்டாம், கப்பலும் எண்ணெயும் உள்ள இடம். கொட்டியாரக் குடாவும் வேண்டாம், அங்கே மகாவலி வந்து விழுகிறது. ஹோட்டல் வாய்க்கால்கள், ஆற்று வாய்கள், மீன் இறக்கும் துறைகள் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, திறந்த கடலில், படகில் சில நூறு மீற்றர் போய், மேல்மட்டத் தண்ணீரை விட்டு ஒரு மீற்றர் ஆழத்தில் எடுப்பது நல்லது. மாரி மழைக்காலத்தில், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, எடுக்காதீர்கள். மழையும் ஆற்று வெள்ளமும் கலந்து உப்பு இறங்கியிருக்கும். வயல் பசளையும் வந்திருக்கும்.

சாப்பாட்டுக்குப் பாவிக்கும் தரமுள்ள புதுக் கான்களில் பிடியுங்கள். சவர்க்காரத் தூள் பட்ட வாளி ஒருபோதும் ஆகாது. வீட்டுக்கு வந்ததும் 5 மைக்ரோன் பையில் வடித்து, இருட்டான இடத்தில் மூடி, காற்றுக் கல் போட்டு ஒரு கிழமை வையுங்கள். அள்ளிய தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் செத்து அழுகி முடிய அவ்வளவு காலம் வேண்டும். நேரே ஊற்றினால் அந்த அழுகல் தொட்டிக்குள் அமோனியாவாக ஏறும். கடைசியில் உப்பை அளந்து பாருங்கள்: ஆயிரத்துக்கு 35 வர வேண்டும், அடர்த்தி எண்ணில் 1.026. குறைந்திருந்தால் உப்புத் தூள் சேர்த்து உயர்த்தலாம்.

அப்ப ஆனையிறவு உப்பை வாங்கிக் கரைச்சா மலிவுதானே?

மலிவு, ஆனால் அது கடல்நீர் ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் காயும்போது முதலில் சுண்ணக்கல்லும் பிறகு ஜிப்சமும் படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் கறியுப்பு விளையும். மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். ஆக, கல்சியமும் மக்னீசியமும் போனபிறகு மிஞ்சியதைத்தான் நாம் சமையலுக்கு வாங்குகிறோம். முருகைக்கு வேண்டியது அந்தப் போன பங்கு.

முருகைத் தொட்டிக்கென்று விற்கும் உப்புத் தூளையே வாங்குங்கள். லீற்றருக்கு ஏறக்குறைய 37 கிராம். கிழமைக்கு 15 லீற்றர் மாற்றுவதற்கு 550 கிராம் அளவு. எப்போதும் தண்ணீருக்குள் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஊற்றினால் அடியில் செறிவு கூடிக் கல்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு கரையாது.

கிணத்துத் தண்ணியில உப்புக் கரைக்கலாமா? நாங்க குடிக்கிற தண்ணிதானே.

குடிக்கலாம், தொட்டிக்கு ஆகாது. கரையோரக் கிணறுகளில் ஏற்கெனவே உப்பும் கடினமும் உண்டு. வீடுகள் நெருங்கிய இடத்தில் மலசலகூடக் குழியில் இருந்து நைத்திரேற்றும் சேரும். குழாய்த் தண்ணீரில் குளோரீன். மழைத் தண்ணீர் நல்லதுதானே என்பார்கள். தகரக் கூரையில் ஓடி வந்தால் நாகம் கலந்திருக்கும்.

ஆர்ஓ தண்ணீர் விற்கும் இடத்தில் வாங்கலாம். ஆனால் தண்ணீரில் கரைந்துள்ளவற்றின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மானியை வைத்து அளந்து பாருங்கள். குடிப்பதற்கு விற்கும் தண்ணீர் 20, 40 என்று காட்டும். நமக்கு வேண்டியது 0. அதை ஒரு டிஐ குழாய் (மிஞ்சிய உப்புகளைப் பிடிக்கும் பிசின் நிரப்பியது) வழியாக விட்டால் 0க்கு வரும். மானி 2, 3 காட்டத் தொடங்கினால் டிஐ பிசினை மாற்றும் நேரம்.

எல்லாம் ரெடி. எத்தினை நாளில கோரல் போடலாம்?

நான்கு தொடக்கம் ஆறு கிழமை பொறுங்கள். துளை நிறைந்த உலர் கல் 12 முதல் 15 கிலோ போட்டு, அமோனியாவைத் தின்னும் போத்தல் பக்டீரியா ஊற்றி, அமோனியாவை 2 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 2 பங்கு) வரை ஏற்றுங்கள். அந்த 2 பிபிஎம் ஒரே நாளில் 0 ஆகி, நைத்திரைற்றும் 0 ஆனால் பக்டீரியா குடியேறிவிட்டது என்று பொருள். அதன்பின் தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டு, ஒரு மென்முருகையை மட்டும் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் மணலும் கல்லும் மண்ணிறமாகும். புதுக் கல்லில் இருந்து கசியும் சிலிக்கா தின்னும் டயற்றம் பாசி அது. தானாகவே அடங்கும், அதைப் பார்த்துப் பயந்து மருந்து தேடாதீர்கள்.

முதல்ல என்ன கோரல் வாங்குறது? எனக்கு அந்தக் கொப்புக் கொப்பா இருக்கிறதுதான் விருப்பம்.

கொப்புக் கொப்பாக இருப்பது பெரும்பாலும் அக்ரோபோரா. ஒரு வருடம் தொட்டி ஆடாமல் ஓடினபிறகு அதை யோசிக்கலாம். முதலில் டிஸ்கோசோமா காளான் முருகை, சார்கோபைட்டன் தோல் முருகை, கென்யா மரம், பச்சை நட்சத்திர முருகை. பச்சை நட்சத்திரத்தையும் ஸீனியா என்ற மென்முருகையையும் தனிக் கல்லில், மற்றக் கற்களைத் தொடாமல் வையுங்கள். கல் முழுவதும் பரவினால் சுரண்டி முடியாது. மூன்று நான்கு மாதம் இவை நன்றாக விரிந்தால் டங்கன், கௌலாஸ்ட்ரியா, பிறகு யூஃபில்லியா என்ற கல் முருகைகள்.

சோவாந்தஸ் என்ற, முருகைக்குச் சொந்தமான பொத்தான் போன்ற உயிர் அழகு, விலை குறைவு, இலகு. ஆனால் வாங்குவதற்கு முன்னால் நஞ்சு பற்றிய கேள்வியைக் கீழே வாசியுங்கள்.

கொழும்பில இருந்து பஸ்ஸில வருது. வந்தவுடன என்ன செய்யிறது?

இரவு பஸ்ஸில் போடச் சொல்லுங்கள், றெஜிபோம் பெட்டியில், இரட்டைப் பையில். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறக்காமல் தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விட்டு, வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பையைத் திறந்தபிறகு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலக்க வேண்டாம். மூடிய பைக்குள் காபனீரொட்சைட்டு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். திறந்தவுடன் பிஎச் ஏற, உள்ளே சேர்ந்த அமோனியா நஞ்சாக மாறும்.

உப்பு அளவு 2க்கு மேல் வித்தியாசம் இல்லை என்றால், ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் முருகைக் கழுவு மருந்தைப் போத்தலில் சொன்ன அளவில் கலந்து, 5 முதல் 10 நிமிடம் முக்கி, மெதுவாக ஆட்டுங்கள். தட்டைப் புழு, நத்தை எல்லாம் விழும். முட்டைகள் மருந்துக்குச் சாகாது. முருகை ஒட்டியிருக்கும் சின்ன வட்டத் தட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுத் தட்டில் ஒட்டுவது பாதுகாப்பு. பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். முதல் கிழமை மணலிலேயே, வெளிச்சம் குறைந்த ஓரத்தில் வையுங்கள்.

மே மாசம் தண்ணி 31 பாகை காட்டுது. கடலும் சூடுதானே, தாங்காதா?

கடல் முருகையே தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில்தான் வாழ்கிறது. ஓரிடத்தின் வழமையான உச்ச வெப்பத்துக்கு மேல் 1 பாகை, சில கிழமை நீடித்தால் போதும், வெளிறத் தொடங்கும். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் தெற்கு, மேற்குக் கரையோர முருகைப் பாறைகள் பெருமளவு வெளிறிச் செத்தது அப்படித்தான். தொட்டியில் 26 முதல் 27 பாகையைக் குறியாக வையுங்கள். 28 வரை பரவாயில்லை. 30க்கு மேல் நாட்கணக்கில் நிற்க விடாதீர்கள். ஒரு நாளைக்குள் 1 பாகைக்கு மேல் ஏறி இறங்குவதும் கெடுதி.

முதலில் செலவில்லாதவை. மூடியைக் கழற்றி வலை போடுங்கள். விளக்கை நடுப்பகலில் எரிக்காமல் பின்னேரம் 3 மணி முதல் இரவு 11 வரை எரியுங்கள். நீருக்குள் கிடக்கும் பழைய பம்பு தின்னும் மின்சாரம் எல்லாம் கடைசியில் தண்ணீருக்குள் சூடாகத்தான் முடியும். குறைந்த வாற்று டிசி பம்புக்கு மாறினாலே வித்தியாசம் தெரியும். அடுத்தது மின்விசிறி. நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படும்படி இரண்டு சின்ன விசிறி வைத்தால் 2 முதல் 4 பாகை இறங்கும். கச்சான் அடிக்கும் உலர்ந்த மாதங்களில் இது நன்றாக வேலை செய்யும். காற்றில் ஈரம் கூடிய நாட்களில் ஆவியாதல் குறையும், பலனும் குறையும்.

இவ்வளவும் செய்தும் 29ஐ விட்டு இறங்கவில்லை என்றால் குளிரூட்டி வாங்கத்தான் வேண்டும். 150 லீற்றருக்குப் பத்தில் ஒரு குதிரைவலு போதும். அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். அது வெளியே தள்ளும் சூட்டைத் தானே திரும்ப இழுத்து வீணாக ஓடும். அவசரத்துக்கு 1.5 லீற்றர் போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, மூடியோடு மிதக்க விடலாம். ஒரு போத்தல் 150 லீற்றரை ஏறக்குறைய 1 பாகை இறக்கும். ஒரே நேரத்தில் நாலைந்தைப் போடாதீர்கள்.

ஃபான் போட்டதில இருந்து தண்ணி கெதியாக் குறையுது. கடல் தண்ணியால நிரப்பலாமா?

கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஒரு நாளைக்கு 3 லீற்றர் போகிறது, அதை உப்புநீரால் நிரப்புகிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு நாளும் 105 கிராம் உப்பு கூடுகிறது. நாளுக்கு ஆயிரத்துக்கு 0.7 என்ற கணக்கில் ஏறி, ஒரு கிழமையில் 35 என்பது 40 ஆகிவிடும். முதலில் முருகை சுருங்கும், பிறகு தோல் உரியும்.

டிடிஎஸ் 0 உள்ள நன்னீரால் நிரப்புங்கள். காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக, அல்லது மிதவை வைத்த தானியங்கி நிரப்பியால். மிதவை ஒட்டிக்கொண்டால் முழு வாளியும் ஊற்றப்படும் என்பதால், நன்னீர் வாளி 10 லீற்றருக்கு மேல் வேண்டாம்.

கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்?

மீன் குறைவாக இருந்தால் மூன்று நான்கு மணிநேரம் பயமில்லை. வெளிச்சம் இரண்டு நாள் இல்லாவிட்டாலும் முருகை சாகாது. சாகடிப்பது ஒட்சிசன் குறைவு; அதுவும் இரவில், சூடான தண்ணீரில், வேகமாகக் குறையும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்கட்டும். 12 வோல்ற் டிசி அலைப் பம்பு என்றால் 12 வோல்ற் 7 அம்பியர்மணி பற்றரியில் 10 வாற்றில் நாலு மணிநேரம் ஓட்டலாம். கரண்ட் வரும்வரை தீனி போடாதீர்கள்.

கீழே வடிகட்டித் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: பம்பை வேண்டுமென்றே நிறுத்துங்கள். மேலிருந்து வடியும் தண்ணீர் முழுவதையும் கீழ்த் தொட்டி கொள்ள வேண்டும். திரும்பு குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை போட்டால் தண்ணீர் தொடர்ந்து இழுபடுவது நிற்கும். அந்தத் துளையைப் பாசி அடைக்கும். மாதம் ஒருமுறை குத்தி விடுங்கள்.

எத்தினை வாற்று லைட் வேணும்?

வாற்றைப் பார்க்காதீர்கள். பாசிக்குப் பயன்படும் ஒளி எவ்வளவு என்பதுதான் கணக்கு. அதைப் பார் (PAR) என்ற அளவால் சொல்வார்கள். மென்முருகைக்கு 50 முதல் 100, டங்கன், யூஃபில்லியா போன்றவற்றுக்கு 80 முதல் 150, அக்ரோபோராவுக்கு 200க்கு மேல். நீலம் கூடிய முருகை எல்ஈடியாகப் பாருங்கள். வீட்டு வெள்ளை எல்ஈடி கல்லில் படியும் வேண்டாத பாசியைத்தான் வளர்க்கும். புது விளக்கை 30 வீதத்தில் தொடங்கிக் கிழமைக்கு 5 வீதமாக ஏற்றுங்கள், நாளுக்கு 8 முதல் 9 மணிநேரம். குறைந்த ஒளியில் முருகை மெதுவாக மண்ணிறமாகும், அதைத் திருத்த நேரம் உண்டு. கூடிய ஒளி இரண்டு நாளில் வெளிறப் பண்ணிவிடும்.

டெஸ்ட் கிட் எல்லாம் விலை. எது கட்டாயம்?

உப்பு அளக்கும் ஒளிமுறிவுமானி, காரத்தன்மைச் சோதனை (பெரும்பாலும் தண்ணீரில் உள்ள காபனேற்றின் அளவு), நைத்திரேற்று, பொஸ்பேற்று. கல் முருகை வந்தபிறகு கல்சியமும் மக்னீசியமும். ஒளிமுறிவுமானியை 35 என்று குறித்த திரவத்தால் சரிசெய்யுங்கள். வெறும் நீரில் 0 காட்டினாலும் 35இல் பிழை காட்டும் மானிகள் நிறைய. வேண்டிய அளவுகள்: காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு), கல்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350, நைத்திரேற்று 2 முதல் 10, பொஸ்பேற்று 0.03 முதல் 0.1 பிபிஎம்.

இவற்றில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் காரத்தன்மையை எடுங்கள். கல் கட்டும் முருகை முதலில் இழுப்பது அதைத்தான். தொட்டியில் ஏதாவது பிழைத்தால் அதன் போக்குத்தான் முதலில் மாறும். 7.5இல் நிலையாக நிற்கும் தொட்டி நல்ல தொட்டி. இன்றைக்கு 7, நாளைக்கு 9 என்று ஆடும் தொட்டியில், சராசரி 8 ஆக இருந்தாலும், முருகை நுனியில் இருந்து வெந்து போகும். ஒரு நாளைக்கு 0.5க்கு மேல் ஆட விடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்தில் அளவுங்கள், காலையிலும் இரவிலும் எண்கள் வேறுபடும். புது உப்புத் தூள் வாங்கினால் அதன் காரத்தன்மையையும் பாருங்கள். 12 உள்ள உப்பில் ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால், 8இல் இருந்த தொட்டி ஒரே தடவையில் 8.8க்குத் தாவும்.

காரம் குறைஞ்சா அப்பச்சோடா போடலாமாம், உண்மையா?

உண்மை. சுத்தமான அப்பச்சோடா 4.5 கிராம் 150 லீற்றரில் 1 டிகேஎச் உயர்த்தும். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய அவ்வளவுதான். தராசு இருந்தால் தராசில் போடுங்கள். பேக்கிங் பவுடர் வேறு சாமான், அதில் அமிலமும் மாவும் உண்டு. நன்னீரில் கரைத்து, அலைப் பம்பின் முன்னால் மெதுவாக ஊற்றுங்கள். மேலே சொன்ன 0.5 எல்லைக்காக ஒரு நாளைக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

முருகை 1 டிகேஎச் இழுக்கும்போது கல்சியமும் ஏறக்குறைய 7 பிபிஎம் இழுக்கும். இருநீர் ஏறிய கல்சியம் குளோரைட்டு 5.5 கிராம் 150 லீற்றரில் 10 பிபிஎம் உயர்த்தும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஊற்றினால் வெள்ளையாகத் திரைந்து இரண்டும் வீண். ஒன்றைக் காலையில், மற்றதை மாலையில். எவ்வளவு தேவை என்று தெரிய, எதுவும் போடாமல் மூன்று நாள் அளந்து, குறைவை மூன்றால் பிரியுங்கள். மென்முருகை மட்டும் உள்ள தொட்டிக்குக் கிழமைக்குப் பத்து வீதத் தண்ணீர் மாற்றமே போதும், இந்த வேலை எதுவும் தேவைப்படாது.

சுண்ணாம்புத் தண்ணியும் விடுவினமாம். வெத்திலைச் சுண்ணாம்பு ஆகுமா?

முறை சரி, பொருள் பிழை. நன்னீரில் லீற்றருக்கு 1 முதல் 1.5 கிராம் கல்சியம் ஐதரொட்சைட்டைக் கரைத்து, தெளியவிட்டு, ஆவியாகும் நீருக்குப் பதிலாகச் சொட்ட விடுவார்கள். கல்சியமும் காரமும் சேர்ந்தே ஏறும். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு எதைச் சுட்டது, என்ன நிறம் சேர்த்தது என்று தெரியாது. உணவுத் தரமானதை மட்டும் பாவியுங்கள். பிஎச் 12க்கு மேல் உள்ள நீர் என்பதால் சொட்டுச் சொட்டாகவே, பிஎச் ஏறாத இரவு நேரத்தில். கண்ணில் பட்டால் சுடும்.

கோரல் வெள்ளையாப் போச்சு. செத்துட்டுதா?

கிட்டப் போய்ப் பாருங்கள். வெள்ளைக் கல்லின் மேல் கண்ணாடி மாதிரித் தோல் இன்னும் இருக்கிறதா, இரவில் விரல் நீட்டுகிறதா? அப்படியானால் பாசியை மட்டும் இழந்திருக்கிறது, உயிர் இருக்கிறது. வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள், வெப்பத்தை 26இல் நிறுத்துங்கள், பச்சை இறாலைக் கடுகளவு நறுக்கி, பம்பை நிறுத்திவிட்டுக் கிழமைக்கு இரண்டு தடவை வாயருகே வையுங்கள். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும்.

தோலே இல்லை, வெறும் கல் என்றால் அந்தப் பகுதி போய்விட்டது. அடியில் இருந்து மேலே மெல்ல உரிந்தால் காரத்தன்மை ஆடியிருக்கும். குறிப்பேட்டில் பழைய எண்களைப் பாருங்கள். யூஃபில்லியாவில் மண்ணிறச் சளி தொங்கினால் ஒரு மணிநேரமும் தாமதிக்காதீர்கள். சின்னக் குழாயால் சளியை உறிஞ்சி வெளியே எடுத்து, கெட்ட தலையை வெட்டி எறிந்து, மீதியைத் தனி வாளிக்கு மாற்றுங்கள். சளி மிதந்து பக்கத்துத் தலையில் ஒட்டினால் அதுவும் போகும்.

நைத்திரேற்று 0, பொஸ்பேற்று 0. தண்ணி இவ்வளவு சுத்தமா இருந்தும் மண்ணிறச் சளி ஏன்?

அவ்வளவு சுத்தமாக இருப்பதால்தான். தொடக்கத்தில் வரும் டயற்றம் தூள் மாதிரித் துடைத்தால் போகும். இது நூல் நூலாக, காற்றுக் குமிழியோடு, பகலில் தடித்து இரவில் மெலிந்தால் டைனோஃபிளாஜெலேற்று. போட்டிக்கு வேறு பாசியோ பக்டீரியாவோ இல்லாத, சத்து வற்றிய தொட்டியில்தான் அது ஆட்சி செய்யும்.

பொஸ்பேற்று உறிஞ்சியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மாற்றத்தைக் கொஞ்சக் காலம் நிறுத்துங்கள், தீனியைக் கூட்டி நைத்திரேற்றை 5க்கும் பொஸ்பேற்றை 0.05க்கும் கொண்டுவாருங்கள். நத்தைகள் செத்தால் அந்தச் சளியில் நஞ்சு இருக்கிறது; தொட்டிக்கென்று விற்கும், நஞ்சை உறிஞ்சும் கரி போடுங்கள்.

சோவாந்தஸில நஞ்சாமே, உண்மையோ?

உண்மை, விளையாட்டில்லை. சோவாந்தஸ் சிலவற்றிலும், அதன் சொந்தமான பாலித்தோவாவிலும் பாலிடொக்சின் உண்டு. வெட்டும்போது கண்ணில் தெறித்தாலும், கையில் காயம் இருந்தாலும் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். பிடிக்கவில்லை என்று கல்லின் மேல் கொதிநீர் ஊற்றுவதும், கல்லைத் தூரிகையால் உரஞ்சுவதும்தான் மிக மோசம்: ஆவியோடு நஞ்சு மூச்சுக்குள் போய், வீட்டில் உள்ள எல்லோருக்கும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வரும். வாய் கசந்து, நடுங்கி, மூச்சு முட்டினால் உடனே வைத்தியசாலைக்குப் போய், பாலிடொக்சின் என்று சொல்லுங்கள்.

மீனும் விடலாமா?

இரண்டு கோமாளி மீன், ஒரு கோபி. வண்ணத்துப்பூச்சி மீன் முருகையைத் தின்னும். மீனுக்கு வருத்தம் வந்தால் செம்பு மருந்தை முருகைத் தொட்டிக்குள் ஒரு துளியும் விடக்கூடாது; தனித் தொட்டியில் வைத்தியம் பாருங்கள்.

எல்லா நம்பரும் சரி. ஆனா ரெண்டு நாளா ஒண்டும் விரியேல்ல. என்ன நடந்தது?

சோதனைப் பெட்டி காட்டாத காரணங்களைத் தேடுங்கள். முதலாவது நுளம்பு மருந்து. டெங்குக்குப் புகை அடிக்கும்போதும், அறைக்குள் விசிறும்போதும் வரும் பைரித்திரோயிட் வகை நஞ்சு தண்ணீரில் விழுந்தால் இறாலும் நண்டும் முதலில் சாகும். புகை அடிக்க வருகிறார்கள் என்றால் ஜன்னலைச் சாத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடி, காற்றுப் பம்பை நிறுத்தி, அலைப் பம்பை மட்டும் ஓட விடுங்கள். அந்த அறையில் நுளம்புச் சுருளும் வேண்டாம். இரண்டாவது உலோகம்: துருப்பிடித்த காந்தத் துடைப்பான், பித்தளைக் குழாய்முனை, இறுக்கியில் உள்ள ஆணி.

மூன்றாவது முருகைகளுக்கு இடையிலான சண்டை. யூஃபில்லியா இரவில் 10, 15 சென்ரிமீற்றர் நீளக் கொட்டும் விரல் நீட்டும். விளக்கணைந்து இரண்டு மணிநேரம் கழித்துச் சிவப்பு விளக்கில் பாருங்கள். தோல் முருகை தொடாமலே தண்ணீரில் நஞ்சு கலக்கும். அதே தோல் முருகை சில வேளை ஒரு கிழமை மூடிக் கிடந்து மெழுகுத் தோல் உரிக்கும், அது வருத்தமல்ல; அதை மட்டும் கண்டால் விட்டுவிடுங்கள். எல்லாம் ஒன்றாகச் சுருங்கினால், உடனே நல்ல கரி 150 கிராம் போட்டு, 20 வீதத் தண்ணீரை அதே காரத்தன்மை, அதே வெப்பம் உள்ள நீரால் மாற்றுங்கள். அடுத்த நாளும் அப்படியே. மருந்து, சத்து, புது விளக்கு எதையும் அந்தக் கிழமை தொடாதீர்கள்.

தொட்டியை மூடப் போறன். கோரலைக் கொண்டுபோய்க் கடலில விட்டாப் புண்ணியம்தானே?

வேண்டாம். வேறு கடலில் இருந்து வந்த இனமாக இருக்கலாம். நம் கண்ணுக்குத் தெரியாத நோயும் புழுவும் அதோடு போகும். ஸீனியா போன்றவை தொட்டியிலேயே பரவுவதை மேலே சொன்னோம், பாறையில் பரவினால் யார் சுரண்டுவது? வேறு தொட்டிக்காரருக்குக் கொடுங்கள், அல்லது வாங்கிய கடையில் கேளுங்கள். செத்த கல்லையும் பாசியையும் நன்றாக வெயிலில் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். ஆனால் சோவாந்தஸ் ஒட்டிய கல்லை அப்படிக் காயவிடாமல், தண்ணீரோடு பையில் இறுகக் கட்டிப் போடுங்கள். ஏனென்று நஞ்சு பற்றிய பதிலில் இருக்கிறது. தொட்டித் தண்ணீரைக் கடலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் மலசலகூடத்தில் ஊற்றுங்கள்.